கையும் கழுத்தும்

போட்டோவில் கண்ணை மூடிக்கொண்டவர்களுக்கெல்லாம் கண் திறந்து வைப்பது எங்கள் அத்தையின் வேலை. செஞ்சி பஜாரில் எங்கள் வீட்டின் முன்பக்கத்திலேயே நைனா, அதாவது என் அப்பா, ஸ்டூடியோ வைத்திருந்தார். படம் எடுப்பது அவர்; எடுத்ததில் இருக்கும் கோளாறுகளைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சரிசெய்வது அவருடைய தங்கையான அத்தை. கல்யாணக் கூட்டத்தில் யாராவது ஒரு பெரியவர் சரியாக அந்த நொடி பார்த்துக் கண்ணை மூடியிருப்பார். அத்தை வேறொரு படத்திலிருந்து அவருடைய கண்களையே எடுத்துவந்து பொருத்திவிடுவாள். சண்டை போட்டுக்கொண்டு மேடையேறாத சம்பந்தி ஒருவரைப் பந்தியில் எடுத்த படத்திலிருந்து வெட்டிவந்து, கையில் இருந்த அப்பளத்தை அழித்து, மணமக்கள் பக்கத்தில் சிரித்த முகமாக நிறுத்தியிருக்கிறாள். அந்த சம்பந்தி பிறகு ஆல்பத்தைப் பார்த்து, தான் மேடையேறியது உண்மைதான் போலும் என்று சமாதானமாகிவிட்டாராம்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஸ்டூடியோ என்றால் கண்ணாடிக்குள் தொங்கும் படங்கள்தான். உள்ளே இருந்த எங்களுக்கு அது தினம் ஒரு விபத்து. கோட்டைக்குள் கல்யாண மகால் முன்னால் ஜோடியை நிறுத்தி எடுத்தால், பின்னால் மதிலில் குரங்கு ஒன்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். எடுக்கும்போது ஒருவர் கண்ணிலும் படாது. அத்தை குரங்கை அழித்துவிட்டு, அது மறைத்திருந்த மதிலைத் தானே கட்டி முடிப்பாள். கோட்டையில் பாதியை நான்தான் கட்டினேன் என்று என்னிடம் பெருமை பேசுவாள்.

தரகரிடம் கொடுத்தனுப்புகிற பெண்களின் படங்களையும் அத்தையே எடுப்பாள். நைனாவின் முன்னால் அவர்கள் விறைத்துக்கொண்டு நிற்பார்கள். அத்தை இரண்டு வார்த்தை பேசினால் தோள் இறங்கிவிடும். அவள் எடுத்தால் சீக்கிரம் அமைந்துவிடுகிறது என்று சுற்றுவட்டாரத்திலிருந்தெல்லாம் தேடிவந்தார்கள். அத்தையை நைனா எடுத்த படம் மட்டும் போன வேகத்தில் திரும்பி வந்தது. செவ்வாய் என்றார்கள், வயது என்றார்கள், கடையில் உட்காருகிற பெண் என்றார்கள். திரும்பி வந்த படத்தை அத்தை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, அடுத்தவர் கண்ணைத் திறக்கப் போய்விடுவாள்.

நைனாவுக்குக் கிடைக்கும் கல்யாணங்களுக்கெல்லாம் வீடியோ எடுக்க ஒருவர் வருவார். மசூதித் தெருக்காரர். கேமரா அவருடையது, எடுத்ததை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்க்க எங்கள் கம்ப்யூட்டருக்குத்தான் வரவேண்டும். கல்யாண வீடுகளில் அவரைப் பாய் என்பார்கள். நைனாவை அவர் அண்ணே என்பார், அம்மாவை அண்ணி என்பார். அந்தக் கணக்கில் எனக்கு அவர் சித்தப்பா ஆகவேண்டும். ஆனால் மாமா என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தவர் அவரேதான். அம்மா ஒருமுறை திருத்திப் பார்த்தாள்; எனக்கு வாய் பழகிவிட்டதால் விட்டுவிட்டாள். இப்படி வீட்டில் எல்லோருக்கும் ஒரு முறை வைத்திருந்தவர், அத்தையை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தப் பாட்டு இன்னும் கொஞ்சம் நீட்டலாம்" என்று மானிட்டரைப் பார்த்துச் சொல்வார். அத்தையும் மானிட்டரைப் பார்த்தே, "நீட்டினா பொண்ணு அழுவுற எடத்துல குத்துப் பாட்டு வந்துடும்" என்பாள். இரண்டு பேரும் மானிட்டரைப் பார்த்தே சிரிப்பார்கள்.

நைனா இல்லாத நேரத்தில் வந்துவிட்டால் மாமா உள்ளே வரமாட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பார். உள்ளே ஃபேன் ஓடுகிறது, வாருங்கள் என்று நான் போய்க் கூப்பிட்டால், வெயில் உடம்புக்கு நல்லது என்பார். சித்திரை மாதத்துச் செஞ்சியில் நின்றுகொண்டு வெயில் நல்லது என்று சொன்ன மனிதரை நான் வேறு பார்த்ததில்லை. நோன்பு மாதத்தில் எனக்கென்று ஒரு தூக்கில் கஞ்சி கொண்டுவருவார். அத்தை அதில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை என்னிடம் தருவாள். சூடு பார்த்தாளாம்.

நான் ஐந்தாவது படித்த வருடம் ஐப்பசியில் விடாத மழை. நைனாவின் சட்டைகளெல்லாம் தையல்காரரிடம் சொல்லி இரண்டு பக்கமும் பை வைத்துத் தைத்தவை. படம் நிறைந்த மெமரி கார்டு இடது பைக்கு, காலிக் கார்டு வலது பைக்கு. முகூர்த்த நேரத்தில் யோசித்துக்கொண்டு நிற்க முடியாது, கை தானாகப் போய் வரவேண்டும் என்பார். பனமலைப் பெண் ஒருத்தியின் கல்யாணத்தன்று அந்தச் சட்டைகளில் ஒன்றுகூடக் காயவில்லை. தன் தம்பியின், அதாவது என் சொந்தச் சித்தப்பாவின், ரெடிமேட் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். அதற்கு ஒரே பை. தாலி கட்டி முடிந்ததும் நிறைந்த கார்டை எடுத்துப் பையில் போட்டார். காலிக் கார்டுக்காக வலது பக்கம் போன கை, அங்கே பை இல்லாததால் இடது பக்கம் திரும்பி வந்து ஒரு கார்டை எடுத்தது. அது அப்போதுதான் உள்ளே போட்ட அதே கார்டு. கேமராவில் செருகி, பழக்கதோஷத்தில் பார்க்காமலேயே அதில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, அதன் மேலேயே பரிசு கொடுக்க நின்ற வரிசை முழுவதையும் எடுத்து முடித்தார்.

வீட்டுக்கு வந்து அத்தை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். கார்டு முழுக்கச் சுவர்க் கடிகாரம் பரிசளிப்பவர்கள். தாலி கட்டியது எங்கேயும் இல்லை. அழிந்த படங்களை மீட்டுத் தருகிறவர் ஒருவர் விழுப்புரத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு நைனா மழையோடு ஓடினார். மீட்டதில் வந்தது பாதி மாப்பிள்ளை. மூக்குக்குக் கீழே சாம்பல் நிறக் கட்டம். மாமாவின் வீடியோவில் தாலி கட்டியது இருந்தது, டி.வி.யில் பார்க்கவும் நன்றாகவே இருந்தது. ஆனால் அதிலிருந்து ஒரு படத்தை எடுத்து ஆல்பத்தின் இரண்டு பக்கமும் விரிகிற அளவுக்குப் பெரிதாக்கினால், பெண்ணும் மாப்பிள்ளையும் சதுரம் சதுரமாகச் சிதறிப்போனார்கள்.

கம்ப்யூட்டர் ரிப்பேர், கரண்ட் இல்லை, அத்தைக்குக் காய்ச்சல் என்று நைனா சொல்லிவந்த காரணங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. வெள்ளிக்கிழமை வந்தே தீருவோம் என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். தாலி கட்டியதைத் தவறவிட்ட போட்டோக்காரன் என்று பெயர் வந்தால் செஞ்சியில் கடை நடத்த முடியாது. தை மாதத்துக்குச் சொல்லியிருந்த கல்யாணங்கள் அத்தனையும் எதிர்க்கடைக்குப் போய்விடும். நைனா சாப்பிடவில்லை. அத்தைக்கு வேறு பயம். "நம்மளத் திட்டுவாங்க, திட்டிட்டுப் போவட்டும். அந்தப் பொண்ண நெனச்சிப் பாருண்ணா. தாலி கட்டின படமே விழலன்னா ராசி இல்லாதவன்னு மாமியார் ஊட்ல ஒரு பேச்சு வெச்சிக்குவாங்க. ஆயுசுக்கும் அது போவாது" என்றாள்.

மறுபடி ஒருமுறை கட்டிக் காட்டுங்கள் என்று கேட்க வழியில்லை. ஏறிய தாலியை இறக்கச் சொல்கிற போட்டோக்காரனை முழு உடம்போடு திருப்பி அனுப்பமாட்டார்கள். அத்தைதான் வழி கண்டுபிடித்தாள். மணையில் உட்கார்ந்து தலை குனிந்திருந்த பெண்ணின் படம் முந்தைய கார்டில் பத்திரமாக இருந்தது. தட்டில் தேங்காய் மேல் வைத்து எடுத்த தாலியும் இருந்தது. இல்லாதது ஒரு கழுத்தும், அதைச் சுற்றிவருகிற இரண்டு கைகளும்தான். அவற்றை மட்டும் ஸ்டூடியோவில் எடுத்துக் கொடுத்தால் மீதியைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

கழுத்துக்கு முதலில் அம்மாவைக் கேட்டார்கள். "கட்டினது ஒண்ணு இருக்கச்சே அது மேல இன்னொண்ணா? நல்லாருக்குது உங்க பேச்சு" என்று அம்மா தன் தாலியைக் கையால் பொத்திக்கொண்டு எழுந்துபோனாள். நான் என் கழுத்தைத் தருவதாகச் சொன்னேன். அளவு போதாது என்றுவிட்டார்கள். மிச்சம் அத்தை.

கைகளுக்குத்தான் பெரும்பாடாக இருந்தது. நைனாவும் சித்தப்பாவும் கூடப்பிறந்தவர்கள்; நினைக்கவே கூடாது. மாமன் மகன் முறையில் டிராக்டர் ஓட்டுகிற ஒருவர் இருந்தார். "அவனக் கூப்ட்டா, கட்டிட்டேன்ல, அனுப்புங்கன்னு பொட்டிய எடுக்கச் சொல்லுவான்" என்றாள் அம்மா. எந்த முறையும் இல்லாத கையாக வேண்டியிருந்தது. கடைசியில் நைனா சொன்னார், "நம்ம பாய் தம்பி இருக்குறான்ல. அவன் கட்டினா அது கணக்குல வராது."

வீடியோ மாமா அப்போது அங்கேதான் இருந்தார். சிரித்தார். "ஆமாண்ணே, நான் கட்டினா கணக்குல வராது" என்றார். அத்தை மானிட்டரில் மணப்பெண்ணின் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். திரை முழுக்க ஒரு காதும் ஜிமிக்கியும் மட்டும் நின்றன.

வியாழக்கிழமை மத்தியானம் ஸ்டூடியோவின் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். வீடியோவை ஓட்டி நிறுத்தி, மாப்பிள்ளையின் எந்த விரலில் மோதிரம், மாலை எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று நைனா பார்த்துக்கொண்டார். மோதிரம் நைனாவுடையது. கூறைப்புடவை அம்மாவுடையது. பஸ் ஸ்டாண்டில் மாலை வாங்கப்போன சித்தப்பா, யாருக்குக் கல்யாணம் என்று பூக்கார அம்மா கேட்டதற்கு எதையோ உளறிவிட்டு வந்திருந்தார். கயிறு மட்டும் இருந்தால் காற்றில் புரளும், கனம் வேண்டும் என்று அம்மா அதில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொடுத்தாள். தங்கம் வாங்க முடியாத வீடுகளில் அதுவே தாலி. அது அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் வரவில்லை, வந்திருந்தாலும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாமாவின் மணிக்கட்டில் வாட்ச் கட்டி வெளுத்துப்போன பட்டை ஒன்று இருந்தது. படத்தில் அது காட்டிக்கொடுத்துவிடும். அத்தை சந்தனத்தையும் பவுடரையும் குழைத்து, கிண்ணத்தை என்னிடம் நீட்டி, "நீ பூசுடி" என்றாள். நான் பூசினேன். மாமாவின் கை சில்லென்று இருந்தது.

பிறகு அத்தை உள்ளே போய்ப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். எத்தனையோ மணப்பெண்களை அந்த அறையில் பார்த்தவள் நான். அத்தனை பேரையும்விட எங்கள் அத்தை அழகாக இருந்தாள். லைட்டைத் திருப்பிக்கொண்டிருந்த நைனா அதைப் பாதியில் விட்டுவிட்டு, "படத்துல மூஞ்சி வராது பாப்பா, எதுக்கு மையெல்லாம்" என்றார். அத்தை, பாஸ்போர்ட் படத்துக்கு எல்லோரும் உட்காருகிற ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

வெளிச்சத்தைத் திருப்பிவிடும் தெர்மகோல் அட்டையைப் பிடிப்பது என் வேலை. மாமா கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்து அத்தையின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுபோனார். விரல் படாமல் பிடித்தார். அதனால் ஒவ்வொரு முறையும் கிழங்கின் கனத்துக்குக் கயிறு வழுக்கிக் கீழே போனது. நைனா எடுத்ததெல்லாம் கலங்கிப்போனது. மறுபடியும், மறுபடியும். வெள்ளிக்கிழமையை நினைத்து நைனாவுக்கு டென்ஷன் ஏறிக்கொண்டே போனது.

"ஒரு முடிச்சு போட்டுட்டுப் புடிப்பா."

"முடிச்சு வோணாம்ண்ணே, சும்மா புடிச்சிக்கிறன்."

"இன்னா இப்போ? ஒரு முடிச்சுல இன்னா ஆயிடப் போவுது? போடு."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஜன்னலைப் பார்த்தாள். அத்தை குனிந்த தலையை நிமிர்த்தாமலேயே, "போடுங்க" என்றாள். அவள் மானிட்டரைப் பார்க்காமல் அவரிடம் பேசி நான் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான்.

அவர் போட்டார். ஃபிளாஷ் அடித்தது. "வந்துடுச்சி!" என்று நைனா கத்திக்கொண்டு கேமராவோடு கம்ப்யூட்டருக்கு ஓடினார், அம்மாவும் பின்னால் போனாள். மாமா கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கிச் சுவரோரம் நின்றார். அத்தை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

வேலை பாதியில் நிற்பதாக எனக்குப் பட்டது. நான் பார்த்த கல்யாணங்களில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுதான் போடுவார். மற்ற இரண்டையும் பின்னால் நின்று மாப்பிள்ளையின் தங்கை போடுவாள். இங்கே அப்படி யாரும் இல்லை. எல்லோரும் வெள்ளிக்கிழமைக் கவலையில் இதை மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, அத்தையின் பின்னால் போய் மீதி இரண்டு முடிச்சையும் நானே போட்டேன். நன்றாக இழுத்துப் போட்டேன். ஷூ லேஸ் நான் கட்டினால் சாயங்காலம் வரைக்கும் அவிழாது என்று பள்ளிக்கூடத்தில் பெயர். அத்தைக்குத் தெரியாமல் செய்யவில்லை. முதல் முடிச்சுக்கே அவள் முதுகு நிமிர்ந்தது. கையைத் தட்டிவிட்டிருக்கலாம். பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டு எனக்கு வழிவிட்டாள். சுவரோரம் நின்ற மாமாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

திரும்பிய அம்மா பார்த்துவிட்டாள். முதுகில் எனக்கு ஒன்று விழுந்தது. "இன்னா காரியம்டி பண்ண, பாவி!" நைனா, புள்ள வெளையாடுச்சு என்று சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு சரியாக வரவில்லை. பாஸ்போர்ட் படம் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அம்மா கிட்டே போனாள். "கத்தரி வெக்காதீங்க அண்ணி" என்று அத்தை எழுந்தாள். "நானே அவுத்துக்கிறன்." உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் திரும்பிப் பார்த்தபோது மாமா இல்லை. கேமராப் பையும் இல்லை. பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து போயிருந்தார்.

நான் பின்பக்கம் கிணற்றடியில் போய் உட்கார்ந்து அழுதேன். சரியாகச் செய்த வேலைக்கு அடி வாங்கினால் அழுகை சீக்கிரம் அடங்காது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் உள்ளே போன பிறகுதான் அத்தை அறையிலிருந்து வெளியே வந்தாள். பழைய புடவை, வெறும் கழுத்து. கயிறு எங்கே என்று அம்மா தணிந்த குரலில் கேட்டாள். "கெணத்துல போட்டுட்டன்" என்றாள் அத்தை. அவ்வளவு நேரமும் கிணற்றடியில் இருந்தவள் நான். யாரும் அங்கே வரவில்லை. பெரியவர்களும் திட்டுக்குப் பயந்து பொய் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, காட்டிக்கொடுக்காமல் இருந்தேன்.

அன்று ராத்திரியே அத்தை உட்கார்ந்து பனமலைப் பெண்ணின் முகத்தைத் தன் கழுத்தின் மேல் பொருத்தினாள். ஒரு சந்தேகம் வராது, அப்படி ஒரு வேலை. வெள்ளிக்கிழமை வந்தவர்கள் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பெண்ணின் அம்மா, "கட்டும்போது மாப்ளைக்குக் கை நடுங்கினதுகூட விழுந்திருக்குது பாரேன்" என்று தொட்டுத்தொட்டுக் காட்டினாள். மாப்பிள்ளைக்கு வெட்கம். தனக்கு நடுங்கினதாக ஞாபகமே இல்லை என்றார். நைனா குனிந்து பில் புத்தகத்தில் எதையோ தேடினார். பிறகு வந்த கல்யாண வீடுகளெல்லாம் அதே மாதிரி ஒரு தாலிப் படம் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தன. நைனா பெருமை தாங்காமல், ஆள் உயரத்துக்கு அதைப் பிரின்ட் போட்டு, ஸ்டூடியோவின் முன்பக்கக் கண்ணாடிக்குள், பஜாரில் போகிற பஸ்ஸிலிருந்தும் தெரிகிறமாதிரி மாட்டிவிட்டார்.

மாமா அதற்குப் பிறகு ஸ்டூடியோவுக்கு வரவில்லை. வீடியோ வேலையைத் திண்டிவனத்தில் யாரிடமோ செய்துகொள்வதாகச் சொல்லியனுப்பினார். அந்த வருடம் நோன்புக் கஞ்சியும் வரவில்லை. அத்தை தனியாக மானிட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டு எந்த இடத்தில் வந்தாலும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அவர்கள் இரண்டு பேரும் வேண்டியிருந்தது. இன்றைக்கும் வேண்டியிருக்கிறது. ஒரே அறையில், ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் அவர்கள் சிரித்த சிரிப்பை இன்னொரு முறை கேட்க எதை வேண்டுமானாலும் தருவேன். நான் போட்ட இரண்டு முடிச்சைத் தப்பு என்று சொல்ல எனக்கு இதுவரை வாய் வரவில்லை.

அடுத்த ஆவணியில் அத்தைக்கு அவலூர்பேட்டையில் அமைந்துவிட்டது. உரக்கடைக்காரர், நல்ல மனிதர். அம்மா அலைந்து திரிந்து முடித்தாள். மாமாவுக்கும் பத்திரிகை போயிருந்தது. அன்றைக்கு வேறொரு கல்யாண வேலை ஒத்துக்கொண்டிருப்பதாகப் பதில் வந்தது. பெரிய முகூர்த்த நாள், நம்பக்கூடிய காரணம்தான்.

கல்யாணம் முடிந்து பெண்ணை அழைத்துப்போகிற கார் ஸ்டூடியோ வாசலில் நின்றது. அத்தையின் துணிப்பெட்டி உள்ளே இருந்தது, அதை எடுக்க. நைனாவும் சித்தப்பாவும் பெட்டியைத் தூக்கிவந்து காரில் ஏற்றுகிறவரைக்கும், இறங்கிய அத்தை அந்தத் தாலிப் படம் மாட்டியிருந்த முன்பக்கக் கண்ணாடிக்கு எதிரே போய் நின்றாள். புது மாப்பிள்ளை காரிலிருந்து ஹாரன் அடிக்கச் சொன்னார். அத்தை அசையவில்லை. கழுத்தில் புதுத் தாலியும், தலை நிறையப் பூவுமாக, கண்ணாடிக்கு முகத்தை அவ்வளவு கிட்டே வைத்துக்கொண்டு நின்றாள். பூவைச் சரிபார்க்கிறாள் என்று நினைத்து நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பூ நேராத்தான் இருக்குது, வா அத்தை" என்றேன்.

"நேராத்தான் இருக்குதா?" என்று கேட்டாள் அத்தை. கேட்டுவிட்டு, அங்கேயே நின்றாள்.